வெள்ளாந்தைக்குப் படையல்

அந்த வருசப் பனிக்காலத்தில், கனடாவில் ஏழாம் சாலையோரத்துச் சோளவயலில் வந்து தங்கிய வெள்ளாந்தை, தான் தின்ற வயலெலிகளின் எலும்போடும் மயிரோடும் சேர்த்து, கடல்கள் பல தாண்டி வன்னியில் காணாமல் போன நம் சனத்தின் சின்னச்சின்னச் சாமான்களையும் கக்கத் தொடங்கியபோது, அதை முதலில் கண்டவர் குலவீரசிங்கம்தான். கண்டவர் அலறவுமில்லை, கும்பிடவுமில்லை, கையுறையைக் கழற்றியது பிழை, விரல் மரத்துப்போகிறது என்றுதான் முதலில் நினைத்தார்.

ஆந்தைகள் இரையை மென்று தின்பதில்லை. முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத எலும்பையும் மயிரையும் பெருவிரல் தடிப்பில் ஓர் உருண்டையாக்கிப் பிறகு கக்கிவிடும். பறவை பார்க்கிறவர்கள் அந்த உருண்டையைத் தேடிப் பொறுக்கி, இடுக்கியால் பிரித்து, இது எலியின் தாடை, இது குருவியின் கால் என்று சொல்லிச் சந்தோசப்படுவார்கள். குலவீரசிங்கமும் அப்படித்தான் வேலிக்கட்டையின் அடியில் கிடந்த சாம்பல் உருண்டையை எடுத்துப் பிரித்தார். இரண்டு எலித் தாடைகளுக்கு நடுவே ஒரு பள்ளிக்கூடச் சின்னம் இருந்தது. வன்னியில் ஒரு மகளிர் பாடசாலைப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் குத்துகிற சின்னம். பின்பக்க ஊசி உடைந்துபோன இடத்தில் யாரோ செப்புக் கம்பி சுற்றியிருந்தார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார். கட்டையின் மேல் இருந்த ஆந்தை மஞ்சள் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு வயலின் மறுகரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குலவீரசிங்கத்துக்குப் பறவைப் பைத்தியம் பிறவியிலேயே இருந்ததில்லை. பாண் தொழிற்சாலையில் மாவுமூட்டை தூக்கித் தூக்கி முதுகு போய், இனி நடந்து திரி என்று டொக்டர் சொல்லிவிட்ட பிறகு, தான் இருந்த ஸ்காபரோ நகரில் நடக்கக் கடைத்தெருவைத் தவிர வேறு இடமில்லாமல், வீட்டிலிருக்க மனமுமில்லாமல், காரை எடுத்துக்கொண்டு வடக்கே பண்ணை நிலங்களின் பக்கம் போகத் தொடங்கினார். அங்கே டொரீன் என்ற வெள்ளைக்காரக் கிழவி, மூன்று கால் தாங்கியில் பெரிய தூரக்கண்ணாடியைப் பூட்டிவைத்துக்கொண்டு வெறும் வெள்ளை வயலையே மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டு நின்றாள். எதைப் பார்க்கிறாய் என்று கேட்டார். பனிக்கட்டிகளைப் பார்க்கிறேன், அவற்றில் ஒன்று ஆந்தை என்றாள். வடதுருவத்துப் பக்கத்திலிருந்து சில பனிக்காலங்களில் இறங்கிவரும் அந்த ஆந்தை வெள்ளை வயலில் வெள்ளையாக அசையாமல் குந்தியிருக்கும். ஒவ்வொரு பனிக்கட்டியையும் அது தலை திருப்பும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் அது பனிக்கட்டியாகவே இருந்துவிடும். குலவீரசிங்கத்துக்கு இது உடனே பிடித்துப்போயிற்று. வராத ஒன்றைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் அவருக்கு நல்ல பழக்கம் இருந்தது.

ஏனென்றால் அவர் வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். அவருடைய மகன் செந்தூரனுக்கு ஆறு வயதானபோது ஏஜென்சிக்காரனை நம்பி அவர் வெளிநாடு புறப்பட்டார். ஒரு வருசத்தில் மனைவியையும் மகனையும் கூப்பிடுவேன் என்றுதான் புறப்பட்டார். அகதி வழக்கு இழுத்தது, பாதை மூடியது, போர் முற்றியது. கடைசி நாட்களில், ஒருநாளென்றாலும் இயக்கத்தில் இருந்தவர்கள் வந்து பதிந்துவிட்டுப் போகலாம் என்று ராணுவத்தினர் ஒலிபெருக்கியில் சொன்னபோது, பயந்து நின்ற செந்தூரனின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் பஸ்ஸில் ஏற்றிவிட்டவள் அவருடைய மனைவி நகுலேஸ்வரி. போ ராசா, பதிஞ்சுபோட்டு வா என்று அவள்தான் சொன்னாள். அந்த பஸ் எங்கே போனதென்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. பிறகு தனியாகக் கனடா வந்துசேர்ந்த நகுலேஸ்வரி, மத்தியானச் சோறு போடும்போது மூன்று கோப்பை வைத்தாள். செத்திருப்பான் என்று யாராவது வாய்தவறிச் சொன்னால் அந்த வீட்டுப் படியை அதற்குப் பிறகு மிதிக்கமாட்டாள். அவன் செத்திருந்தால் அவனைக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள் என்றாகிவிடும். ஆகவே அவன் சாகக்கூடாது.

குலவீரசிங்கமோ மகன் செத்துவிட்டான் என்று என்றைக்கோ முடிவுகட்டியிருந்தார். அவருக்கு வேண்டியிருந்ததெல்லாம் கையில் பிடிக்க ஒரு சாமான். ஒரு பொத்தானென்றாலும் போதும், அதை வைத்து முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய்து, தண்ணீரில் கரைத்து, மூன்றாவது கோப்பையை எடுத்து அலுமாரியில் வைத்துவிடலாம், அவளும் ஒருநாள் வாய்விட்டு அழுதுவிட்டுப் படுப்பாள் என்று நினைத்தார். அந்த ஆசையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. தகப்பன் ஒருவன் வெளியே சொல்லக்கூடிய ஆசையா அது.

சின்னத்தின் படத்தை அவர் போனில் நாலுபேருக்கு அனுப்பினார். அடுத்தநாளே பரிபூரணம் என்பவள் பஸ்ஸும் ரயிலும் மாறி அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். ஊசி உடைந்த இடத்தில் செப்புக் கம்பி சுற்றிக்கொடுத்தவள் அவள்தான். சின்னத்தை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, "அண்ணை, எங்கை கிடந்தது?" என்று கேட்டாள். ஆந்தை கக்கினது என்றார் இவர். "ஓ" என்றாள். வேறொன்றும் கேட்கவில்லை. மகளுக்கு அந்தியேட்டி செய்தாள், அழுதாள், நித்திரை கொண்டாள், கொஞ்சம் உடம்பு வைத்தாள், கலியாண வீடுகளுக்குப் போய் முன்வரிசைக் கதிரையில் இருக்கத் தொடங்கினாள். மகள் செத்துப்போனாள் என்று தெரிந்ததும் தாய் பிழைத்துக்கொண்டாள். குலவீரசிங்கம் அவளைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லமுடியாத அளவுக்குப் பொறாமைப்பட்டார்.

அதற்குப் பிறகு சனத்தைக் கேட்க வேண்டுமா! ஏழாம் சாலையின் இரண்டு கரையிலும் கார்கள் நின்றன. முழங்கால் பனியில் சேலையை மடித்துச் செருகி, அதன்மேல் தடித்த ஜக்கெற்றும் பனிச்சப்பாத்தும் போட்ட பெண்கள் வேலியோரமாக வரிசையில் நின்றார்கள். பிளாஸ்கில் தேத்தண்ணி வந்தது, தட்டுத்தட்டாக ரோல்ஸ் வந்தது, மடக்கு மேசை வந்தது, மேசைக்கு உரிமை கொண்டாட இரண்டு சங்கங்கள் வந்தன. வீடு வாங்கி விற்கிற முகவரும், சிரித்த முகத்தைக் கலண்டரில் அச்சடித்து வீடுவீடாகக் கொடுப்பவருமான கிருபைநாதன் ஒரு சங்கத்துக்குத் தலைவர். மற்றச் சங்கம் அவரோடு கோபித்துக்கொண்டு பிரிந்தவர்களுடையது. ஆந்தை உட்காருகிற வேலிக்கட்டைகளில் கிழக்குப் பக்கம் இவர்களுக்கு, மேற்குப் பக்கம் அவர்களுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். ஆந்தை யாருடைய கட்டையில் இருக்கிறதோ அந்தச் சங்கத்தார் மற்றவர்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். வயல்காரன் பனியை வழித்துக் கார்கள் நிறுத்த இடம் விட்டான். இவர்கள் ஏன் எலும்பு பொறுக்குகிறார்கள் என்று கேட்டான், காரணத்தைச் சொன்னபோது தொப்பியைக் கழற்றினான், பிறகு திரும்பவும் போட்டுக்கொண்டான், குளிராயிருந்தது.

ஆந்தை அலறினால் சாவு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. இந்த ஆந்தை அலறவேயில்லை. சாவை வாயிலெடுத்து மரியாதையாகப் பனிமேல் வைத்தது. மூக்குக்கண்ணாடியின் ஒரு காம்பு வந்தது. சைக்கிள் பூட்டின் திறப்பு வந்தது. பால்பல் ஒன்று வந்தது. அதற்கு நாலு தாய்மார் தங்களுக்குள் அடிபட்டார்கள், கடைசியில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, நாலு வீட்டிலும் விளக்கு வைத்தார்கள். தாலிக்கொடியின் கொழுக்கி வந்தது, ரோர்ச் லைட்டின் சுவிச் வந்தது. சில சாமான்களைக் கண்டவர்கள் யாருக்கும் காட்டாமல் சட்டென்று பொத்திப் பையில் வைத்துக்கொண்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் காரில் ஏறிப் போனார்கள். அதைப்பற்றி மற்றவர்களும் கேட்கவில்லை.

கோயிலில் பெரிய வாதம் நடந்தது. செத்த வீட்டுத் தீட்டான துடக்கு எந்த நாளிலிருந்து? ஆள் செத்த நாள் தெரியாது. ஆந்தை விழுங்கிய நாளும் தெரியாது. ஐயர் இரண்டு நாள் யோசித்து, உருண்டையைப் பிரித்த நாளிலிருந்து முப்பத்தொன்று என்று சொல்லிவிட்டார். அதோடு புதுத் தலையிடி ஒன்று பிறந்தது. தை பிறந்தால் கலியாணங்கள். மண்டபம் பிடித்து, சாப்பாட்டுக்குச் சொல்லி, லண்டனிலிருந்து ஆட்கள் வந்திறங்குகிற நேரத்தில் வீட்டில் துடக்கு விழுந்தால் என்ன செய்வது? ஆகவே, தங்கள் முறைக்குக் கிடைத்த உருண்டையைப் பிரிக்காமலே குளிரூட்டிப் பெட்டியில் வைத்து, கலியாணம் முடிந்த மறுநாள் பிரித்து அழுத குடும்பங்களும் உண்டு. நம் சனம் எதற்கும் ஒரு வழி கண்டுபிடித்துவிடும்.

குலவீரசிங்கம் ஒவ்வொரு நாளும் விடிய முதல் ஆளாகப் போய், கடைசி ஆளாகத் திரும்பினார். ஆனால் அவரால் ஒரு பயனுமில்லை. ஆறு வயதில் விட்டுவந்த பிள்ளை, வளர்ந்து என்ன பேனை வைத்திருந்தான், என்ன மணிக்கூடு கட்டினான், சட்டைக்கு என்ன பொத்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? மேசையில் கிடந்த ஆளில்லாத சாமான்களில் ஏதாவது ஒன்று செந்தூரனுடையதாக இருக்கலாம். அவர் அதைக் கையாலெடுத்துப் பார்த்துவிட்டு அடுத்தவர் பக்கம் தள்ளியிருக்கவும் கூடும். அதை அடையாளம் சொல்லக்கூடிய ஒரே மனுசி வீட்டில் மூன்று கோப்பையில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"நகுலா, ஒருக்கா வந்து பாரும். பாக்கிறதிலை என்ன குறையப் போகுது?"

"என்ர பிள்ளை உயிரோட இருக்கேக்கை நான் ஏன் செத்தவையின்ர சாமானைப் பாக்கோணும்?"

"அப்ப இந்தப் படத்தையெண்டாலும் பாரும்."

அவள் போனை வாங்கி, திரையை நிலத்தைப் பார்க்கக் குப்புறக் கவிழ்த்துவைத்துவிட்டு, "இஞ்சாருங்கோ, பறவை பாக்கப் போறவை பறவையைப் பாத்திட்டு வரோணும்" என்றாள்.

பங்குனி நெருங்கியது. வெயில் பட்ட இடங்களில் பனி கறுத்து உருகத் தொடங்கியது. நிலம் தெரியத் தொடங்கினால் ஆந்தை வடக்கே போய்விடும், இன்னொரு பனிக்காலத்தில் அது வருமென்று யாரும் எழுதித்தரமாட்டார்கள் என்று டொரீன் சொன்னாள். ஆந்தை கக்குவதோ ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. வரிசையோ வேலி முடிந்து அடுத்த வயல்வரை நீண்டு கிடந்தது. இந்த வேகத்தில் செந்தூரனின் முறை வராது என்று குலவீரசிங்கம் கணக்குப்போட்டார். கூடக் கக்கினால், ஒருநாளைக்கு அஞ்சாறு கக்கினால், ஏதோ ஒன்றில் பெயர் பொறித்த சாமான் வரும். நகுலேஸ்வரியே மறுக்க முடியாத சாமான் வரும். கூடக் கக்குவதென்றால் கூடத் தின்னவேண்டும்.

இன்னொரு நினைப்பும் அவரைப் பிடித்துக்கொண்டது. ஊரில் செத்தவர்களுக்குப் படைத்தால் முதல் பிடியைக் காகத்துக்கு வைப்போம். காகம் கொத்தினால்தான் போனவர்கள் வயிறு நிறைந்ததென்று மனம் ஆறும். இங்கே ஒரு பறவை நம் பிள்ளைகளையெல்லாம் வயிற்றில் சுமந்துகொண்டு வந்து குளிரில் குந்தியிருக்கிறது. அதற்கு ஒருவரும் ஒரு வாய் வைக்கவில்லை. தேத்தண்ணியும் ரோல்ஸும் நாம் தின்கிறோம். எவ்வளவு கேவலம்!

ஆந்தைக்கு இரை போடக்கூடாது என்பது பறவை பார்க்கிறவர்களுக்கு முதல் பாடம். முதல் நாளே டொரீன் அதைச் சொல்லியிருந்தாள். இரை போட்டால் அது வேட்டையை மறந்துவிடும், மனிதரையும் காரையும் தேடிவரும், பிறகு அது ஆந்தையாக இருக்காது என்று அவள் சொன்னபோது இவர் தலையாட்டினார். தலையாட்டிய அதே ஆள்தான் ஒரு காலைப்பொழுதில், பாம்பு வளர்ப்பவர்களுக்கென்று கடையில் விற்கிற வெள்ளெலிகளைப் பெட்டியோடு வாங்கிவந்து, சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்து, பனியில் காலுறையோடு நின்று, செந்தூரன் பெயரைச் சொல்லி ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். ஆந்தை கட்டையிலிருந்து சத்தமே இல்லாமல் இறங்கி வந்து எடுத்துக்கொண்டது. அவர் கண் நிறைந்துவிட்டது. பன்னிரண்டு பதின்மூன்று வருசம் காசு மட்டும் அனுப்பிய தகப்பன் தன் பிள்ளைக்குக் கையால் கொடுத்த முதல் சாப்பாடு அதுதான் என்று அவருக்குத் தோன்றியது.

கிருபைநாதன் அதைக் காரிலிருந்து பார்த்துவிட்டார். திட்டுவாரென்று இவர் நினைத்தார். அவரோ ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"அண்ணை, எங்களுக்கு இது தோணேல்லையே! எங்கட ஆக்களைச் சுமந்து வந்த சீவன் பட்டினி கிடக்குது, நாங்கள் வெறுங்கையோட வந்து நிக்கிறம்."

அந்த ஞாயிறே சங்கத்தின் பெயரில் படையல் தொடங்கியது. மற்றச் சங்கம் விடுமா? அவர்கள் இன்னும் கொழுத்த எலியாகக் கொண்டுவந்தார்கள். ஐயர் எலியைக் கண்ணால் பார்க்கமாட்டேன் என்று திரும்பி நின்று மந்திரம் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் மச்சமாமிசம் ஆகாது என்று வடையும் பொங்கலும் வாழையிலையில் வைத்தார்கள். ஆந்தை இலையைப் பார்த்தது, சனத்தைப் பார்த்தது, பட்டினியாகவே இருந்தது, ஆனால் வயலுக்கு வேட்டையாடப் போகவில்லை. அதற்குள் அதற்குப் பழகிவிட்டது. கார் ஒன்று வேகம் குறைகிற சத்தம் கேட்டால் போதும், எழும்பி வந்தது. அதைத் தொட்டுவிடுகிற தூரத்தில் பார்த்த சனம், எங்களை அடையாளம் பிடித்துவிட்டது என்று சொல்லி அழுதது. டொரீன் தாங்கியை மடக்கிக்கொண்டு வேறு சாலைக்குப் போய்விட்டாள். போகிறபோது குலவீரசிங்கத்தைப் பார்த்தாள். அவர் ரோல்ஸ் தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றப்பக்கம் திரும்பினார்.

ஆந்தை கூடக் கக்கியது உண்மை. அவர் எலி போட்ட மறுநாள் மூன்று உருண்டை கிடந்தது. முதல் ஆளாகப் போனவர் அவர் என்பதால் மூன்றையும் அவரே பிரித்தார். வெள்ளை மயிர், மெல்லிய எலும்பு, பல். வேறொன்றுமில்லை. நாளைக்கு வரும் என்றார். அடுத்தநாள் நாலு, நாலிலும் கடை எலி. அதற்கடுத்த நாள், அதற்கடுத்த நாள், அந்த வாரம், அடுத்த வாரம். தானாகத் தேடித் தின்றபோது எங்கிருந்தோ எதையெதையோ சேர்த்து விழுங்கிய பறவை, போட்டதைத் தின்னத் தொடங்கியபின் போட்டதையே திருப்பிக் கொடுத்தது. தான் செய்த காரியம் என்னவென்று குலவீரசிங்கத்துக்கு அப்போதே விளங்கிவிட்டது.

விளங்கியது அவருக்கு மட்டும்தான். சனத்துக்கு வேறு மாதிரி விளங்கியது. யார் முதலில் சொன்னதென்று தெரியாது, கோயிலில் ஒரு பெண் சொன்னாளாம்: இனி ஒன்றும் வரவில்லையென்றால், இனிக் கொண்டுவர ஒருவரும் இல்லை என்றுதானே அர்த்தம்? செத்தவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். மிச்சப்பேர் இருக்கிறார்கள். எங்கோ, ஏதோ ஒரு சிறையில், காட்டில், பெயர்மாறி, நினைவுதப்பி, ஆனால் இருக்கிறார்கள். இந்தப் பேச்சு ஒரே நாளில் ஸ்காபரோ முழுக்கப் பரவியது. வரிசையில் நின்றவர்கள் இப்போது கடவுளே எலியாக இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு உருண்டையைப் பிரித்தார்கள், எலியாகவே இருந்தது, ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள்.

அன்றைக்கு மத்தியானம் நகுலேஸ்வரி கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"இப்ப என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"இப்ப ஏன்? பனியும் கரைஞ்சுபோச்சு" என்றார் அவர்.

"நீங்கள்தானே வா வா எண்டு நிண்டனீங்கள். இப்ப வாறன்."

ஏழாம் சாலையில் கார் வேகம் குறைந்ததும் ஆந்தை பறந்து வந்து காரின் முன்மூடியில் குந்தியது. கொழுத்து, கழுத்தில்லாமல், கண்ணாடிக்கு அந்தப்பக்கத்திலிருந்து இருவரையும் மாறிமாறிப் பார்த்தது. நகுலேஸ்வரி இறங்கி அதன் முன்னால் போய் நின்றாள். அது தலையை முன்னுக்கு நீட்டி, இரண்டு முறை வாயைத் திறந்து மூடி, அவள் காலடியில் ஓர் உருண்டையைப் போட்டது. அவள் இடுக்கி கேட்கவில்லை. வெறும் கையால் எடுத்து, சோறு பிசைகிற விரல்களால் பிரித்தாள். எலும்பு எலும்பாக உள்ளங்கையில் பரப்பி ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தாள். வாழ்நாளில் அவள் அவ்வளவு பயந்து அவர் பார்த்ததில்லை. பிறகு நிமிர்ந்தாள்.

"பாத்தியளே? ஒண்டுமில்லை! வெறும் எலி! நான் சொன்னனான்தானே, அவன் இருக்கிறான் எண்டு. நான் அவனைச் சாகக் குடுக்கேல்லை."

சிரித்தாள். கனடா வந்ததிலிருந்து அவர் அவளுடைய பல்லைப் பார்த்ததில்லை. நாங்கள் சாப்பாடு போட்டதாலதான் நகுலா, நான்தான் முதலிலை போட்டனான் என்று சொல்ல வாயெடுத்தார். அவள் எலும்புப்பொடி ஒட்டிய கையால் அவர் கன்னத்தைத் தடவினாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

இருந்தும் அவர் ஒருமுறை சொல்லத்தான் பார்த்தார். இரண்டு சங்கங்களும் கோபத்தை மறந்து ஒன்றுகூடிக் கோயில் மண்டபத்தில் நன்றிப் பொங்கல் வைத்தன. மேடையில் கிருபைநாதன் மிச்சப்பேர் உயிரோடு இருப்பதற்கு ஆந்தையே சாட்சி என்று பேசிவிட்டு இறங்கியபோது, குலவீரசிங்கம் ஒலிவாங்கியை நோக்கி நடந்தார். "தம்பி, நான் ஒண்டு சொல்லோணும். அது எலி போட்டதாலதான்..." என்று தொடங்கினார். கிருபைநாதனுக்கு விளங்கிவிட்டது, விளங்காமலிருக்க அவர் மடையரல்ல. அவருடைய தம்பி ஒருவரும் அந்த பஸ்களில் ஏறியவர்தான். அவர் ஒரு தட்டுப் பொங்கலைக் குலவீரசிங்கத்தின் இரண்டு கைகளிலும் வைத்து, விரல்களை மூடி அழுத்திப் பிடித்தார்.

"அண்ணை, சாப்பிடுங்கோ. சனம் இண்டைக்குத்தான் சிரிக்குது. கதைக்காமல் சாப்பிடுங்கோ."

மண்டபத்தின் பின்வரிசையில் பரிபூரணம் தனியாக இருந்தாள். அவளருகில் நாலைந்து கதிரைகள் வெறுமையாகக் கிடந்தன. உயிரோடு இருக்கிற பிள்ளைகளின் தாய்மார் செத்த பிள்ளையின் தாய்க்குப் பக்கத்தில் இருக்க விரும்பவில்லை. குலவீரசிங்கம் போய் இருந்தார். அவள் தட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்:

"நான்தான் அண்ணை அவசரப்பட்டுப் போட்டன். ஒரு ரண்டு மாசம் பொறுத்து வந்திருந்தால் என்ர பிள்ளைக்கும் எலிதான் வந்திருக்கும்."

அவருக்குப் பொங்கல் இறங்கவில்லை. ஆனாலும் முழுதையும் தின்றார்.

ஆந்தை வடக்கே போகவில்லை. பனி முழுக்கக் கரைந்து, சோளத்தட்டைகளுக்கிடையில் பச்சை முளைத்த பிறகும், கறுத்த மண்ணில் வெள்ளையாக, எல்லோர் கண்ணிலும் படும்படி கார்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. இப்போது யாரும் வரவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்ட சனத்துக்கு அங்கே வேலை இல்லை. ஒருநாள் பால் ஏற்றிப்போன லொறி வளைவில் வேகம் குறைக்க, அந்தச் சத்தத்துக்கு எழும்பிப் போய் அதன் முன்னால் விழுந்தது. டொரீன்தான் போனில் கூப்பிட்டாள். இவர் போனபோது அவள் அதைத் தன் சால்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சாலையோரத்தில் இருந்தாள். அவர் கை தானாக நீண்டு, இறகுக்குள் விரலை விட்டு, அதன் வயிற்றை அழுத்தி அழுத்தித் தடவிப் பார்த்தது. டொரீன் அவர் கையைப் பிடித்து எடுத்து அப்பால் வைத்தாள்.

"இந்தப் பனிக்காலம் முழுக்க எவ்வளவு பேர் வந்தீர்கள்," என்றாள். "இதைப் பார்க்க ஒருவரும் வரவில்லை."

அவர் மன்னித்துக்கொள் என்று சொன்னார். அவள் ஆந்தையைக் காரில் வைத்துக்கொண்டு போனாள்.

கோடை முழுக்க நகுலேஸ்வரி சந்தோசமாக இருந்தாள். மேல்மாடியில் சாமான் போட்டுவைத்திருந்த சின்ன அறையை ஒழித்தாள். கட்டில் வாங்கினாள். திரைச்சீலைக்கு நீலத்துணி எடுத்தாள், செந்தூரனுக்கு நீலம் பிடிக்கும் என்றாள், குலவீரசிங்கத்துக்கு அதுவும் புதுச் சேதி. கோயிலில் மற்றத் தாய்மாரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். இலையுதிரும் நேரம் அவள் அவரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வாற பனிக்குள்ளை பிள்ளை வந்திடுவான், வெறும் சட்டையோட வந்து இறங்கினால் விறைச்சுச் செத்துப்போவான் என்றாள். நல்ல தடித்த பனி ஜக்கெற்றாக, தொப்பி வைத்ததாக, கடை முழுக்கத் தடவித் தடவி ஒன்றைத் தெரிந்தெடுத்தாள். விற்கிற பெட்டை, என்ன அளவு வேணும் என்று கேட்டாள்.

நகுலேஸ்வரி ஒரு கணம் முழித்தாள். பஸ்ஸில் ஏறியபோது அவன் பத்தொன்பது வயதுப் பொடியன், மெலிந்தவன். இப்போது முப்பதைத் தாண்டியிருப்பான். அவள் குலவீரசிங்கத்தின் பக்கம் திரும்பி, மேலிருந்து கீழாக அவரைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"உங்கட உயரம்தான் வந்திருக்கும். போட்டுப் பாருங்கோ."

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும், இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தபடி அவர் கைகளை நீட்டினார். அவள் ஒவ்வொரு கையாக நுழைத்து, தோளைத் தட்டிச் சரிசெய்து, முன்னால் வந்து நின்று, சிப்பை அடியில் பூட்டி நாடிவரை இழுத்துவிட்டாள். தொப்பியை எடுத்துத் தலையில் போட்டாள். இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்து, கண்ணில் நீர் முட்ட, அவர் முகத்தைப் பார்க்காமல் ஜக்கெற்றை மட்டும் பார்த்தாள்.

"இறுக்கமோ? அவனுக்குக் காணுமோ?"

கடைக்குள் வெக்கையாக இருந்தது. அந்தத் தடித்த உடுப்புக்குள் குலவீரசிங்கத்துக்கு முதுகெல்லாம் வேர்த்து ஓடியது. அவர் மகன் நிற்கவேண்டிய இடத்தில், மகனுடைய ஜக்கெற்றில், அசையாமல் நின்றார்.

"காணும்" என்றார். "அளவாத்தான் இருக்கு."